இடைவிடாது இயக்குவார் எனக் கொள்க

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தாம்பரம் ரயில் நிலையத்தில், டிக்கெட் எடுக்கும் இயந்திரத்தின் முன் நின்றிருந்தேன். மாம்பலத்துக்கு ஒரு டிக்கெட் வேண்டும். ஊரைத் தொட்டேன், ஒரு ஆள் என்பதைத் தொட்டேன், போக மட்டும் என்பதையும் தொட்டாயிற்று. பணம் கட்டும் இடத்தில் எழுத்து பொடியாக இருந்தது. படிக்கிற கண்ணாடியைச் சட்டைப் பையில் தேடினேன், பிறகு தோள் பையில் தேடினேன். எடுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது திரையில் மாம்பலம் இல்லை. எந்த மொழி வேண்டும் என்று முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னால் நின்ற பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "சார், நீங்க ஒண்ணுமே அழுத்தலைன்னா அது திரும்பிப் போயிடும்."

எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டேன். அன்று நான் மாம்பலம் போகவில்லை. நடைமேடையில் ஒரு இருக்கையைப் பிடித்து உட்கார்ந்தேன். மூன்று வண்டிகள் போயின. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு அதைவிடப் பல மடங்கு காலம் ஆகியிருந்தது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று அங்கேதான் முடிவு செய்தேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அதைச் செய்துவிட்டுத்தான் இப்போது எழுதுகிறேன்.

என் நினைவை நான் நம்புவதில்லை. அதனால் பழைய டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். தேதி தவறியிருந்தால் நீங்கள் சிரிப்பீர்கள், திருத்த மாட்டீர்கள்.

பெருங்குடிப் பக்கம் இருந்த நம் கம்பெனி இன்று இல்லை. நோயாளிக்கு மருந்தைச் சீரான வேகத்தில் ஏற்றும் பம்பு அங்கே தயாரானது. கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டு நடு வயதில் வேலை மாறி வந்தவன் நான். மருத்துவமனைகளுக்குப் போய்ப் பம்புகளைப் பழுது பார்க்கிற சர்வீஸ் ஆள் நீங்கள். என் வேலை என்னவென்று அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. பம்பின் திரை எத்தனை விதமாக இருக்கக்கூடுமோ அத்தனைக்கும் ஒவ்வொரு வட்டம் போடுவேன். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வட்டத்திலிருந்து எந்த வட்டத்துக்குப் போகும் என்று அம்பு போடுவேன். பிறகு கணினியை விட்டு அத்தனை வழிகளிலும் நடக்கச் சொல்வேன். ஆபத்தான வட்டத்துக்குப் போக ஒரு வழிகூட இல்லை என்று அது சொல்லிவிட்டால் அது நிரூபணம். கருவி செய்யப்படுவதற்கு முன்பே அதில் மனிதன் செய்யக்கூடிய பிழைகளைத் தாளில் பிடித்துவிடலாம் என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன், கொஞ்சம் பயத்தோடு.

நாலு சார்ட் தாள்களை ஒட்டிச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தின் முன் நீங்கள் முதல் தடவை வந்து நின்றது நினைவிருக்கிறது. கையில் டிபன் பாக்ஸ்.

"இன்னா வாத்தியாரே, மார்கழிக் கோலமா?" என்றீர்கள்.

அதற்கு முன்பு நாம் பேசியதே கிடையாது. என்னைவிட மூன்று வயது மூத்தவர், எடுத்த எடுப்பில் நீ வா போ என்று பேசினீர்கள். எனக்குக் கடைசிவரை உங்களை நீங்கள் என்றுதான் சொல்ல வந்தது. விளக்கினேன். நான் விளக்கினால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நீங்கள் கேட்டீர்கள். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் ஒரு பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, இடது கையால் அதை இயக்கி, வலது கை விரலைப் படத்தின் மேல் நகர்த்திப் பார்த்தீர்கள். ஒரு வாரம் இப்படி. ஒரு அம்புகூடத் தப்பாக இல்லை என்று ஒப்புக்கொண்டீர்கள். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை டைரியில் கால் பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே ஒரே வரியில் நீங்கள் போகும்போது கேட்டதும் இருக்கிறது. "இது மெஷினோட படம். சிஸ்டரோட படம் எங்க?"

அப்போது அது எனக்கு வேடிக்கையாகப் பட்டது.

உங்கள் பையில் ஒரு கட்டு சர்வீஸ் தாள்கள் இருந்தன. வெவ்வேறு மருத்துவமனைகள், ஒரே புகார். பம்பு தானாக வேகத்தை மாற்றிக்கொள்கிறது என்று. நீங்கள் போய்த் திறந்து, சோதித்து, மூடி, கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கி வருவீர்கள். ஒவ்வொரு தடவையும் அப்படி எழுதும்போது கை கூசுகிறது என்றீர்கள். ஒரு நாள் என்னைக் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனீர்கள். ஒன்றும் பேசாதே, மூலையில் நின்று விரலை மட்டும் பார் என்பது உங்கள் கட்டளை.

நின்றேன். வார்டில் பதினான்கு கட்டில்கள், இரண்டு சிஸ்டர்கள். அவர்களில் ஒருவர் ஒரு பெரியவரின் பம்பில் புது வேகத்தை அழுத்தினார். உறுதி என்ற பொத்தானுக்கு விரல் போகும் நேரத்தில் அடுத்த கட்டிலில் ஒரு அம்மா வாந்தி எடுத்தார். சிஸ்டர் ஓடினார். இருபது விநாடி. பம்பு சத்தமில்லாமல் முதல் திரைக்குத் திரும்பியது. பாதி போட்ட எண் திரையில் கிடக்கக் கூடாது என்று பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு அது. கை கழுவிக்கொண்டு சிஸ்டர் திரும்பி வந்தார். திரையில் பெரிய எழுத்தில் ஒரு எண் இருந்தது. முடித்துவிட்டதாக நினைத்து, போர்வையைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார். ஓடிக்கொண்டிருந்தது பழைய வேகம்.

நீங்கள் பின்னாலேயே போனீர்கள். "சிஸ்டர், ஒரு தபா பாத்துடுங்க."

"மாத்திட்டேனே அண்ணா."

"நீங்க மாத்தினீங்க. அது திருப்பி மாத்திக்கினு உக்காந்துகினு கீது."

அவர் பார்த்தார். மறுபடி அழுத்தி, உறுதி செய்துவிட்டு, அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

எதிரே டீக்கடையில் என் நிரூபண அறிக்கையைக் கேட்டு வாங்கினீர்கள். எப்போதும் அதன் ஒரு பிரதியைப் பையில் வைத்திருப்பேன். வெளியே நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஆறாம் பக்கத்தில் விரலை வைத்தீர்கள். கணக்கு வாத்தியார் வழக்கப்படி நான் எழுதியிருந்த ஒரு வரி. பயனர் கருவியை இடைவிடாது இயக்குவார் எனக் கொள்க.

"எந்த சிஸ்டருய்யா இடைவிடாம இயக்குறா?" என்றீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சொம்மா நிக்கறது உன் படத்துல எங்க கீது?"

அது என் படத்தில் இல்லை. நேரத்தைச் சேர்த்தால் வட்டங்கள் பல மடங்கு பெருகும், கணினி நாள்கணக்கில் ஓடும். அதனால் காத்திருப்பதை எடுத்துவிட்டேன். மனிதன் எதுவும் செய்யாவிட்டால் எதுவும் நடக்காது என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேன் என்பதையும் நேர்மையாக எழுதியிருந்தேன். உறுதி செய்யாமல் வேகம் மாறாது என்ற என் நிரூபணத்தில் பிழையே இல்லை. அது அந்தப் பெரியவருக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

அடுத்த வாரம் கூட்டம். புதிய தொகுதிப் பம்புகள் வெளியே போக எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டிய நாள். நீங்கள் எழுந்து, நிறுத்தி வையுங்கள் என்றீர்கள். திரும்பிப் போகும்போது பம்பு ஒலி எழுப்ப வேண்டும், உறுதி செய்யாத எண் மினுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவரை அனுப்பாதீர்கள் என்று சொன்னீர்கள். சர்வீஸ் தாள்களை மேசையில் பரப்பினீர்கள். பொது மேலாளர் நம் இருவரையும்விட இளையவர், கெட்டவர் அல்ல. தாள்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்தில் கோளாறு இல்லை என்று இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"சார், உங்க மாடல் என்ன சொல்லுது?"

"உறுதி செய்யாம வேகம் மாறாது. எல்லா வழியும் சோதிச்சாச்சு" என்றேன்.

அதற்கு அடுத்த வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது. மாறிவிட்டது என்று சிஸ்டர் நம்பிவிடுகிற வழி ஒன்று இருக்கிறது, அது என் படத்தில் விட்டுப்போயிருக்கிறது, அந்தக் குறை என்னுடையது என்பதே அது. சேலையூர் வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எல்லாரும் ஒரு கணம் காத்திருந்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் என் முன்னால் இருந்த தாள்களின் ஓரத்தைச் சமன் செய்துகொண்டிருந்தேன்.

"அப்போ இது ட்ரெய்னிங் பிரச்சினை" என்றார் மேலாளர். கையெழுத்துத் தாள் என்னிடம் வந்தது. போட்டேன்.

வெளியே மாடிப்படியில் நீங்கள் எனக்காக நின்றிருந்தீர்கள். திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

"நீ பொய் சொல்லல வாத்தியாரே" என்றீர்கள். அவ்வளவுதான். கீழே இறங்கிப் போய்விட்டீர்கள்.

மகளின் கல்யாணம் நெருங்கியிருந்தது, வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையல்ல. யாரும் என்னை வேலையிலிருந்து எடுத்திருக்க மாட்டார்கள். என் படத்தில் ஓட்டை இருக்கிறது என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

நீங்கள் உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள். சர்வீசுக்குப் போகும் இடங்களில் சிஸ்டர்களிடமே வெள்ளை பிளாஸ்டர் வாங்கி, திரைக்குக் கீழே ஒட்டி, பேனாவால் எழுதினீர்கள். 'நடுவுல எங்கயாவது போயிட்டு வந்தீங்களா? வேகத்தை இன்னொரு தபா பாருங்க.' சிஸ்டர்கள் அதைக் கிழிக்கவில்லை. ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் யாரோ பார்த்துவிட்டு, புதுப் பம்பில் என்ன இந்தப் பிளாஸ்டர் என்று கம்பெனிக்கு எழுதினார்கள். கருவிகளில் அனுமதியின்றி மாற்றம் செய்தார் என்று உங்களுக்குக் கடிதம் கொடுத்து வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். உங்களை உள்ளே கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுக்க நான் இரண்டு அறை தள்ளி என் நாற்காலியில் இருந்தேன்.

அதன் பிறகுதான் எனக்கு வேகம் வந்தது. வீட்டுக் கணினியில் படத்தை முதலிலிருந்து போட்டேன். காத்திருப்பதையும் ஒரு அம்பாக்கினேன். சிஸ்டர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதற்கும் தனியாக வட்டங்கள் போட்டேன். பம்பு ஒரு வட்டத்திலும் அவர் நினைப்பு வேறு வட்டத்திலும் நிற்கும் இடங்களைத் தேடச் சொன்னேன். பல மடங்கு பெருகும் என்று பயந்தேனே, பெருகியது. ஆனால் நாள்கணக்கில் ஓடவில்லை. ஒரு டம்ளர் காப்பி குடிப்பதற்குள், நாம் குரோம்பேட்டையில் பார்த்த அதே வழியைக் கணினி அப்படியே எழுதிக் காட்டியது. ஐந்தே படி.

அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த தொகுதியிலிருந்து பம்பு ஒலித்தது, எண் மினுக்கியது. வெளியே போயிருந்த பம்புகளையும் ஒவ்வொன்றாக வரவழைத்து மாற்றினார்கள். எப்படி சார் இது உங்களுக்குத் தோன்றியது என்று மேலாளர் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். "யோசிச்சேன்" என்றேன். அறிக்கையில் எங்கும் உங்கள் பெயர் இல்லை. முந்தின தடவை நான் பொய் சொல்லவில்லை. இந்தத் தடவை சொன்னேன்.

பெருங்களத்தூரில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை போட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முடிச்சூர் சாலை டீக்கடையில் சந்திப்போம். என்ன காரணத்தாலோ நீங்கள் என்னை விட்டுவிடவில்லை. ஒரு ஞாயிறு வந்து உட்காரும்போதே முகம் மலர்ந்திருந்தது. சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போயிருக்கிறீர்கள்.

"வாத்தியாரே, அது இப்ப கூவுது. சிஸ்டர் ஓடியாந்து பாக்குறா" என்றீர்கள். "நீ பண்ணதா?"

"ஆமாம்" என்றேன்.

"போதும்" என்றீர்கள். இன்னும் இரண்டு டீ சொன்னீர்கள்.

அன்று சொல்லியிருக்கலாம். என்னால் உங்கள் வேலை போயிற்று, நீங்கள் கண்ணால் பார்த்ததை என் மூளையில் உதித்ததாகச் சொல்லிக்கொண்டேன், மன்னித்துவிடுங்கள் என்று. டீ ஆறிப்போகும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பேச்சு மழை, மழைத்தண்ணீர், சாலையில் தோண்டிய பள்ளம் என்று எங்கோ போயிற்று. எத்தனையோ ஞாயிறுகள் இப்படிப் போயின. சொல்லாமல் இருக்கும்வரை நிலைமை அப்படியே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் உண்மையிலேயே நினைத்தேன். ஆறாம் பக்கத்தில் எழுதிய அதே ஆள்தானே நான்.

கடைசியாக உங்களை மருத்துவமனையில் பார்த்த சாயங்காலம், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டீர்கள். "நம்ம கம்பெனி இல்ல, பயப்படாத" என்றீர்கள். மூச்சு வாங்கியது, ஆனாலும் சிரித்தீர்கள். அன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். எழுதியே எடுத்துப் போயிருந்தேன், மடித்து, சட்டைப் பையில். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று சிஸ்டர் வந்து நின்றார். நாளைக்கு வருகிறேன் என்றேன். வா என்றீர்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு உங்கள் மருமகன் போன் செய்தார்.

தாம்பரம் நிலையத்திலிருந்து அந்தச் செவ்வாய்க்கிழமை நான் நேராக முடிச்சூரில் உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். உங்கள் மனைவி வாசல் வராந்தாவில் முறத்தை மடியில் வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். காப்பி வேண்டாம் என்றேன், முதலில் இதைக் கேளுங்கள் என்றேன். பம்பு என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, வரிசைப்படி, பிளாஸ்டர்வரை, என் அறிக்கைவரை சொன்னேன். எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது. நான் பாதி சொல்லும்போதே கீரை ஆய்வதை அவர் கை நிறுத்திவிட்டிருந்தது.

"அப்போ அவரு மெஷின கெடுக்கலியா சார்?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவரே சொன்னார். கம்பெனி கொடுத்த இங்கிலீஷ் கடிதத்தைப் படித்துச் சொன்னது அவருடைய தம்பி. ஆஸ்பத்திரி மெஷினில் கை வைத்துவிட்டார், உயிர் போகிற விஷயம், அதனால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். உங்களிடம் கேட்டபோது, வுடு என்று மட்டும் சொன்னீர்களாம். உறவில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். உங்கள் மகளுக்கும் அப்படித்தான்.

ஏன் நீங்கள் சொல்லவில்லை என்பதை யோசித்துப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னால் அந்தக் கூட்டத்தையும் சொல்ல வேண்டும். கூட்டத்தைச் சொன்னால் என்னையும் சொல்ல வேண்டும். பிறகு அந்த வீட்டில் எனக்கு யார் காப்பி கொடுத்திருப்பார்கள்? வேறு காரணமும் இருக்கலாம். என் ஊகங்களை நான் அதிகம் நம்புவதில்லை.

"ரெண்டு வருஷம் நான் அவராண்ட சரியா பேசல சார்" என்றார் உங்கள் மனைவி. "சோறு போடுவேன். அவ்ளோதான். அவரும் துன்னுட்டுப் போயிடுவாரு." பிறகு, குரலை உயர்த்தாமல், "இத அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார். உள்ளே போய், பேரனின் நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்து எடுத்து வந்தார். சொன்னதை எல்லாம் தமிழில் எழுதிக் கொடுங்கள், தம்பிக்கும் மகளுக்கும் காட்ட வேண்டும் என்றார். நான் எழுதி முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். என்னுடைய குறை என்று எழுத வேண்டிய இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு தடவை படித்தார், உதடு அசைய. பிறகு தாளை மடித்து, தலைக்கு மேலே மாட்டியிருந்த உங்கள் படத்தின் பின்னால் செருகாமல், தன் இடுப்பில் செருகிக்கொண்டார். எனக்குக் காப்பி போட எழுந்து போனார். குடித்தேன்.

வீட்டுக்கு வந்து அந்த இரண்டு வருடத்து டைரிகளை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறுதோறும் உங்களைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறது. நாலு மணிக்கே வந்து காத்திருந்தார். நான் கிளம்பினேன், விடவில்லை, இன்னா அவசரம் இன்னொரு டீ குடி என்றார். கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தோம். என்மீது இவருக்கு எவ்வளவு பிரியம் என்று ஒரு பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அந்த நாள்களில் உங்களுக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அங்கே பேச ஆளில்லை என்பதும், அதற்குக் காரணமானவனோடுதான் அதை மறக்க உட்கார்ந்திருந்தீர்கள் என்பதும் தெரியாது.

அந்த வரியை நான் அடிக்கவில்லை. பிரியமும் இருந்திருக்கும் என்றே நினைத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் வீட்டில் பேச்சில்லாமல் போன அந்த இரண்டு வருடம் இனி என்னுடையது. உங்கள் மனைவி அதைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை என்று சொல்ல, கால் நடக்கிறவரைக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் நான் முடிச்சூருக்குப் போகிறேன்.